செருகினாலும் பேசாத யூஎஸ்பி: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ரங்கூனில் பழுதுபார்க்க வரும் யூஎஸ்பி போர்டுகள் பெரும்பாலும் ஒரே முன்கதையோடுதான் வரும்: "டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டோம், விண்டோஸையே மாற்றிப் போட்டோம், அப்படியும் வரவில்லை." டிரைவருக்கு வேலை வருவது கடைசியில். அதற்கு முன்னால் ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன. போர்டு எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிந்துவிட்டால் பழுது முக்கால்வாசி பிடிபட்ட மாதிரிதான். ரசீது பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எடை மெஷின், சோலார் இன்வெர்ட்டரின் டேட்டா லாகர் என்று நம் கடைகளில் ஓடும் சாமான்களையும், அவற்றுக்குள் இருக்கும் எஸ்டிஎம்32 மாதிரியான சிப்புகளையும், எதிர்முனையில் இருக்கும் பிசி அல்லது சிங்கிள் போர்டு கம்ப்யூட்டரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். யூஎஸ்பியில் பேச்சைத் தொடங்கும் உரிமை ஹோஸ்டுக்கு, அதாவது பிசி இருக்கும் பக்கத்துக்கு மட்டும்தான். டிவைஸ், அதாவது செருகப்படும் சாமான், தானாக ஒரு பைட்கூட அனுப்ப முடியாது. "ஏதாவது இருக்கிறதா?" என்று ஹோஸ்ட் கேட்டால் ஸ்கேனர் பதில் சொல்லும், கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கும். அதனால் ஒரே கேபிளின் இரண்டு முனைகளில் இருந்தாலும் இரண்டு கன்ட்ரோலர்களின் வேலையும் வேறு வேறு. ஹோஸ்ட் கன்ட்ரோலர் நேர அட்டவணை போடுகிறது. ஃபுல் ஸ்பீடில் (12 மெகாபிட்) 1 மில்லி செகண்டுக்கு ஒரு ஃபிரேம், ஹை ஸ்பீடில் (480 மெகாபிட்) 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு மைக்ரோஃபிரேம். அதற்குள் யாரைக் கேட்பது, யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல் அதன் கையில். டிவைஸ் கன்ட்ரோலர் எண்ட்பாயிண்ட் என்னும் சில பஃபர்களை (டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களை) வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கேட்கும்போது பஃபரில் டேட்டா இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் "நாக்" அனுப்பும். அதாவது, இப்போது இல்லை, அப்புறம் வா. இந்த நாக்கை ஹார்ட்வேரே அனுப்பிவிடுகிறது. உள்ளே ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் புரோகிராம்) செத்துக் கிடந்தாலும் வெளியே நாக் போய்க்கொண்டிருக்கும். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

படிகளின் வரிசை இது. கேபிளில் 5 வோல்ட் வருகிறது. டேட்டா கம்பிகளான டி+, டி− இரண்டில் ஒன்றை டிவைஸ் புல்-அப் என்னும் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட் பக்கம் தூக்குகிறது. ஹோஸ்ட் அதைப் பார்த்து ரீசெட் கொடுக்கிறது. ஹை ஸ்பீடா இல்லையா என்பது அந்த ரீசெட்டுக்குள் முடிவாகிறது. பிறகு முகவரி 0ல் வைத்து டிஸ்கிரிப்டரின் (டிவைஸ் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரப் பட்டியலின்) ஆரம்பப் பகுதியைக் கேட்கிறது, புது முகவரி கொடுக்கிறது, டிஸ்கிரிப்டர்களை முழுதாக வாங்குகிறது, கான்ஃபிகரேஷனைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு அப்புறம்தான் டிரைவர்.

கையில் ஒரு மல்டிமீட்டர், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியான ஒரு குட்டைக் கேபிள், தனி அடாப்டர் உள்ள ஒரு ஹப், லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப். இவ்வளவு போதும். விண்டோஸ் எல்லாவற்றுக்கும் "கோட் 43" என்று ஒரே பல்லவி பாடும். லினக்ஸின் கெர்னல் லாக், அதாவது அது எழுதிவைக்கும் செய்திப் பதிவு, எந்தப் படியில் நின்றது என்று எண்ணோடு சொல்லும். போர்டு விண்டோஸுக்காகவே செய்யப்பட்டதாக இருந்தாலும் முதல் சோதனையை லினக்ஸில் செய்யுங்கள்.

செருகினால் எந்த அசைவும் இல்லை

லாக்கில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் ஹோஸ்டுக்கு நீங்கள் செருகியதே தெரியவில்லை. இங்கே சாஃப்ட்வேரைத் தொடவே கூடாது.

கேபிளை மாற்றுங்கள். அனோரதா சாலை நடைபாதையில் வாங்கியது என்றால் அதற்குள் சார்ஜ் செய்யும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கலாம். அடுத்து சாக்கெட்டை வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் மழைக்காலத்தை ஒரு முறை கடந்த மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டின் உள்ளே பச்சை படிந்திருப்பது சாதாரணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும். ஊசியால் சுரண்டினால் முலாம் போய்விடும்.

5 வோல்ட் சரியாக இருந்தால் மீட்டரை டி+ கம்பியில் வையுங்கள். இதற்கு ஒரு நல்ல உதாரணம் 'புளூ பில்' எனப்படும் மலிவான எஸ்டிஎம்32எஃப்103 போர்டு. அந்தச் சிப்பில் புல்-அப் உள்ளுக்குள் கிடையாது, போர்டில்தான் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். இருக்க வேண்டியது 1.5 கிலோ ஓம். ஆனால் பல புளூ பில் போர்டுகளில் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் வைத்திருப்பார்கள். ஹோஸ்ட் பக்கத்தில் ஒவ்வொரு டேட்டா கம்பியையும் 15 கிலோ ஓம் தரைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. சரியான ரெசிஸ்டர் இருந்தால் டி+ல் 3.3 × 15 ÷ 16.5, அதாவது 3.0 வோல்ட் இருக்கும். 10 கிலோ ஓம் இருந்தால் 3.3 × 15 ÷ 25, அதாவது 1.98 வோல்ட். ஹோஸ்ட் "மேலே" என்று ஏற்க வேண்டிய எல்லை 2.0 வோல்ட். மயிரிழையில் கீழே. ஹோஸ்டின் இழுப்பு ரெசிஸ்டர் 24.8 கிலோ ஓம் வரை இருக்கலாம் என்று பின்னாளில் தளர்த்தினார்கள். அப்படிப்பட்ட பிசியில் அதே போர்டு 2.3 வோல்டைத் தொட்டு ஒழுங்காக வேலை செய்யும். "என் லேப்டாப்பில் வருகிறது, கடைக்காரர் கம்ப்யூட்டரில் வரவில்லை" என்ற புகாரின் பின்னால் இருப்பது பல நேரம் இந்தக் கணக்குதான். தீர்வு எளிது: பிஏ12 பின்னுக்கும் 3.3 வோல்டுக்கும் நடுவே ஒரு 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கும் பத்தோடு இணையாகச் சேர்ந்து 1.53 கிலோ ஓம் ஆகிவிடும்.

புல்-அப் நிரந்தரமாக மேலே கட்டப்பட்ட இந்த மாதிரிப் போர்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. புது ஃபர்ம்வேர் ஏற்றி ரீசெட் பட்டனை அழுத்தினால், கம்பி கீழே இறங்கவே இல்லாததால் டிவைஸ் கழன்று திரும்பி வந்தது பிசிக்குத் தெரியாது. ஃபர்ம்வேர் தொடங்கியதும் பிஏ12 பின்னைச் சில மில்லி செகண்டு தரைக்கு இழுத்துவிட்டு அதன் பிறகு யூஎஸ்பியை ஆரம்பிப்பது வழக்கம்.

எஸ்டிஎம்32 குடும்பத்தின் எஃப்4 வரிசைச் சிப்புகளில் புல்-அப் உள்ளேயே இருக்கிறது, ஆனால் அது 5 வோல்ட் வந்ததைப் பிஏ9 பின்னில் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கும். போர்டு செய்தவர் அந்தப் பின்னை இணைக்காமல் விட்டு, ஃபர்ம்வேரில் வோல்ட் சோதனையை அணைக்காமலும் விட்டிருந்தால் டி+ கடைசிவரை பூஜ்யத்தில்தான் கிடக்கும்.

டைப்-சி சாக்கெட் உள்ள போர்டு ஏ-டூ-சி கேபிளில் வேலை செய்து, சி-டூ-சி கேபிளில் மட்டும் உயிரே இல்லாமல் இருந்தால் மேலே சொன்ன எதையும் பார்க்க வேண்டாம். இணைப்பை எதிர்முனைக்குத் தெரிவிக்கும் இரண்டு சிசி பின்களிலும் தனித்தனியாகத் தரைக்கு 5.1 கிலோ ஓம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எதிர்முனை 5 வோல்டையே திறக்காது. காசு மிச்சம் பிடிக்க இரண்டு பின்களையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்தாலும் தகராறுதான். 2019ல் வந்த ராஸ்ப்பெரி பை 4ன் முதல் பதிப்பு, உள்ளே சிப் வைத்த சில சி-டூ-சி கேபிள்களில் பவர் எடுக்காமல் போனது அதனால்தான்.

லாக்கில் வரி வருகிறது, ஆனால் எரர் -71

"டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71" என்று வந்தால் ஹோஸ்ட் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சிதைந்திருக்கிறது. காரணம் கம்பி, அல்லது சிப்புக்குத் தாளம் போடும் கிளாக்.

முதலில் லாக்கில் எந்த வேகம் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். உங்கள் ஃபுல் ஸ்பீட் போர்டை ஹோஸ்ட் "லோ ஸ்பீட்" என்று அழைத்தால் டி+ம் டி−ம் இடம் மாறிவிட்டன. புல்-அப் எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஹோஸ்ட் வேகத்தை முடிவு செய்கிறது. கையால் வயர் பிடித்த போர்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

வேகம் சரி என்றால் கிளாக். ஃபுல் ஸ்பீட் டிவைஸுக்கு 48 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வேண்டும், அதன் பிழை 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிப்புக்குள் இருக்கும் சாதாரண ஆர்சி ஆசிலேட்டர் 1 சதவீதம் அங்கே இங்கே ஓடும்; அது இதற்கு ஆகாது. கிரிஸ்டல் வேண்டும். கிரிஸ்டல் இல்லாமலே ஓடும் எஸ்டிஎம்32எஃப்072 போன்ற சிப்புகள், ஹோஸ்ட் 1 மில்லி செகண்டுக்கு ஒரு முறை அனுப்பும் ஃபிரேம் தொடக்கச் செய்தியைப் பார்த்துத் தங்கள் கிளாக்கைத் திருத்திக்கொள்கின்றன. ஹோஸ்டாக ஓடும் சிப்பில் அந்த வித்தை பலிக்காது. நேரம் சொல்ல எதிரே யாரும் இல்லை.

கிரிஸ்டல் இருந்தும் -71 வந்தால் கணக்கைப் போடுங்கள். எஃப்103ல் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 9ஆல் பெருக்கி 72, அதை 1.5ஆல் வகுத்தால் 48. போர்டில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்க, ஃபர்ம்வேர் 8 என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். எல்இடி மினுக்கும், சீரியல் போர்ட் மட்டும் குப்பையாகக் கக்கும், யூஎஸ்பி -71 கொடுக்கும். எஃப்429ஐ அதன் முழு வேகமான 180 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட ஆசைப்பட்டால் கிளாக்கைப் பெருக்கித் தரும் முக்கிய பிஎல்எல்லிலிருந்து 48 வராது. அது உள்ளே 180ன் இரு மடங்கான 360ல் ஓடுகிறது; 360ஐ எந்த முழு எண்ணால் வகுத்தாலும் 48 கிடைக்காது. 168க்கு இறங்கிவிடுங்கள், அதன் இரு மடங்கான 336ஐ 7ஆல் வகுத்தால் சரியாக 48.

கிளாக்கும் சரி என்றால் மிச்சம் இருப்பது போர்டின் தடம், கேபிள் நீளம், டேட்டா கம்பியில் வைத்த பாதுகாப்பு டயோடின் கெபாசிட்டன்ஸ். ஃபுல் ஸ்பீடில் இவை பெரும்பாலும் மன்னிக்கப்படும். ஹை ஸ்பீடில் 90 ஓம் ஜோடித் தடம் இல்லாமல் தப்பிக்க முடியாது.

அதே இடம், ஆனால் எரர் -110

-71ஐயும் -110ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. -110 என்றால் நேரம் கடந்துவிட்டது. பெரும்பாலும் டிவைஸ் கம்பியில் இருக்கிறது, ஒழுங்காக நாக் அனுப்புகிறது, ஆனால் கேட்டதைத் தரவில்லை. மேலே சொன்னேன் அல்லவா, நாக் அனுப்ப ஃபர்ம்வேர் தேவையில்லை என்று. ஆக, ஹார்ட்வேர் நலம், ஃபர்ம்வேர் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்டரப்ட் (வேலை வந்திருக்கிறது என்று பிராசஸரைத் தட்டும் சிக்னல்) இயக்கப்படவில்லை, அல்லது வேறொரு இன்டரப்ட் வெளியே வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது எண்ட்பாயிண்ட் 0க்கு ஒதுக்கிய பஃபர் மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எஃப்103ல் யூஎஸ்பிக்கு மொத்தமே 512 பைட் பாக்கெட் நினைவகம்தான். அதையும் கேன் என்னும் வேறொரு தொடர்பு வழியின் கன்ட்ரோலரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முயல வேண்டாம்.

ஹோஸ்டும் நீங்களே செய்த போர்டு என்றால், எதைச் செருகினாலும் -110 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹோஸ்ட் கன்ட்ரோலரின் இன்டரப்ட் பிராசஸருக்குப் போய்ச் சேரவில்லை.

டிஸ்கிரிப்டரின் ஆரம்பத்தைக் கொடுத்துவிட்டு "நாட் ஆக்செப்டிங் அட்ரஸ்" என்ற இடத்தில் விழுந்தால், முகவரியை எப்போது மாற்றுகிறீர்கள் என்று பாருங்கள். புது முகவரி சொல்லும் கட்டளையின் கடைசிப் பகுதி பழைய முகவரியான 0லேயே முடிய வேண்டும். எஃப்103 வகைக் கன்ட்ரோலரில் அது முடிந்த பிறகு நீங்கள் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எஃப்4ல் இருக்கும் சினாப்சிஸ் நிறுவன வகைக் கன்ட்ரோலரில் கட்டளை வந்ததுமே எழுத வேண்டும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒரு சிப்பின் கோடை இன்னொன்றுக்குக் காப்பி அடிக்கும்போது இந்த இடம்தான் காலை வாரிவிடும்.

முகவரி வரை வந்து கான்ஃபிகரேஷனில் நின்றால் டிஸ்கிரிப்டரில் மொத்த நீளம் தவறாக இருக்கலாம். ஹோஸ்ட் முதலில் 9 பைட் மட்டும் வாங்கி, அதில் எழுதியிருக்கும் மொத்த நீளத்தைப் பார்த்துத்தான் முழுதாகக் கேட்கும். புதிதாக ஒரு எண்ட்பாயிண்டைச் சேர்த்துவிட்டு அந்த எண்ணை மாற்ற மறப்பது வாடிக்கை. அதோடு மின்சார அளவு 2 மில்லி ஆம்பியர் கணக்கில் எழுதப்படுகிறது. 500 வேண்டுமென்றால் 250 என்று எழுத வேண்டும். அடாப்டர் இல்லாத ஹப்பில் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான். அதற்கு மேல் கேட்டால் லினக்ஸ் "இன்சஃபிஷியன்ட் அவெய்லபிள் பஸ் பவர்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். எளிதாகத் தீரும் பழுது அது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று கழன்று திரும்ப வருகிறது

பிரிண்டர் அச்சடிக்கத் தொடங்கும்போது, 4ஜி டாங்கிள் டவரைத் தேடும்போது இது நடந்தால் 5 வோல்ட் இறங்குகிறது. டிவைஸ் முனையில் அளந்து பாருங்கள், ஹோஸ்ட் முனையில் அல்ல. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், நொடியின் ஒரு துணுக்கில் விழும் பள்ளம் அதில் தெரியாது. ஆகவே மீட்டர் 4.8 காட்டினாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். தனி அடாப்டர் ஹப்பை நடுவில் வைத்து ஓட்டுங்கள். தொல்லை நின்றால் காரணம் கரண்ட்தான்.

செருகும் கணத்திலேயே பக்கத்து டிவைஸும் சேர்ந்து விழுகிறது என்றால், உங்கள் போர்டின் நுழைவாயிலில் பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. டிவைஸ் பக்கம் 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் நேரடியாக வைக்கக் கூடாது. ஹோஸ்ட் பக்கம்தான் குறைந்தது 120 வேண்டும். இரண்டையும் தலைகீழாக வைத்த போர்டுகளை இங்கே பார்க்கலாம்.

கரண்ட் போய் வந்த பிறகு டிவைஸ் காணவில்லை

இது நம் ஊர்ப் பழுது. கரண்ட் எப்போதும் இருக்கும் ஊரில் உட்கார்ந்து ஃபர்ம்வேர் எழுதியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

மளிகைக் கடையில் எடை மெஷின் பேட்டரியோடு இருக்கிறது, கம்ப்யூட்டர் நேரடி லைனில். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது, எடை மெஷின் உயிரோடு இருக்கிறது. ஒரு மணி நேரமோ நான்கு மணி நேரமோ கழித்துத் தெரு முழுக்க "மீ லா ப்பி" (கரண்ட் வந்துவிட்டது) என்று சத்தம் கேட்கிறது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கிறது, எடை மெஷின் மட்டும் தெரியவில்லை. கடைக்கார அண்ணன் கேபிளைக் கழற்றிச் செருகிப் பார்க்கிறார், பயனில்லை. மெஷினையே அணைத்துப் போட்டால்தான் வருகிறது. "தம்பி, நேற்று நல்லாத்தான் ஓடுச்சு" என்பார். அவர் சொல்வது உண்மை. நேற்று கரண்ட் போகவில்லை.

உள்ளே நடப்பது இது. கம்ப்யூட்டர் அணைந்ததும் கம்பியில் பேச்சு நின்றுவிடுகிறது. டிவைஸின் புல்-அப் மட்டும் டி+ஐ மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது. 3 மில்லி செகண்டு மௌனமாக இருந்தால் டிவைஸ் கன்ட்ரோலர் அதை சஸ்பெண்ட், அதாவது தூங்கச் சொல்லும் சைகை, என்று எடுத்துக்கொள்ளும். ஹோஸ்ட் செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று டேட்டா கம்பியை மட்டும் பார்த்து அதனால் சொல்ல முடியாது. ஃபர்ம்வேர் கட்டளைப்படி கிளாக்கை நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறது, தூக்கத்திலிருந்து எழுப்பும் ரெஸ்யூம் சிக்னல் வந்தால் மட்டும் எழுந்திருப்பேன் என்று. ஆனால் கம்ப்யூட்டர் திரும்ப எழும்போது அனுப்புவது ரெஸ்யூம் இல்லை, ரீசெட். ஃபர்ம்வேரில் ரீசெட்டுக்கு எழும் வழி எழுதப்படவில்லை என்றால் கதை முடிந்தது. எழுந்தாலும் பழைய முகவரியையும் பழைய பாக்கெட் வரிசையையும் துடைக்காமல் விட்டிருந்தால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

சோதிக்க எளிய வழி: மெஷினை ஆனில் வைத்து, யூஎஸ்பி கேபிளைக் கழற்றாமல், கம்ப்யூட்டர் பிளக்கை மட்டும் பிடுங்குங்கள். சற்றுப் பொறுத்து டி+ல் மீட்டர் வையுங்கள். அணைந்த கம்ப்யூட்டரை நோக்கி 3 வோல்ட் அளவில் இன்னும் நின்றுகொண்டிருந்தால் பழுது பிடிபட்டது. தனி மின்சாரத்தில் ஓடும் டிவைஸ், ஹோஸ்டின் 5 வோல்ட் போனதும் புல்-அப்பை இறக்கிவிட வேண்டும் என்பது யூஎஸ்பி விதியே. அந்த 3 வோல்ட் கம்ப்யூட்டரின் உள்ளேயும் கசிந்து போகும்; சில மதர்போர்டுகள் அதனால் கரண்ட் வந்தும் ஒழுங்காக எழாமல் அடம் பிடிக்கும்.

ஃபர்ம்வேர் உங்கள் கையில் இருந்தால் கேபிளின் 5 வோல்டை இரண்டு ரெசிஸ்டர் வழியாக ஒரு பின்னுக்குக் கொண்டுவாருங்கள். மேலே 10, கீழே 15 கிலோ ஓம் வைத்தால் 3 வோல்ட் கிடைக்கும். அந்தப் பின் கீழே விழுந்தால் யூஎஸ்பியை முழுதாக அணையுங்கள், மேலே வந்தால் புதிதாகத் தொடங்குங்கள். சஸ்பெண்ட், ரெஸ்யூம் என்ற நுட்பத்தில் நேரத்தைக் கொட்டுவதைவிட இந்த முரட்டு வழி எனக்குப் பிடிக்கும். ஃபர்ம்வேர் கையில் இல்லை என்றால் எடை மெஷினையும் கம்ப்யூட்டரையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுவது ஒன்றுதான் வழி.

ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் தொல்லை

லாக்கில் "டிஸேபிள்டு பை ஹப்", பக்கத்தில் "ஈஎம்ஐ?" (மின் இரைச்சலா?) என்று கேள்விக்குறியோடு வரும். கெர்னல் எழுதியவர்களே சந்தேகமாகக் கேட்கும் இடம் இது, ஆனால் நம் ஊரில் பதில் பெரும்பாலும் "ஆமாம்". ஐஸ்பெட்டியின் கம்ப்ரஸர் கிளம்பும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கேபிளைக் குட்டையாக்குங்கள், இரண்டு முனையிலும் ஃபெரைட் மாட்டுங்கள்.

அதைவிட ஆபத்தானது எர்த் இல்லாத பிளக். பிரிண்டர் ஜெனரேட்டர் லைனில், கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில், இரண்டுக்கும் எர்த் கிடையாது என்றால், இரண்டின் உலோக உடலுக்கும் நடுவே மீட்டரை ஏசியில் வைத்து அளந்து பாருங்கள். நூறு வோல்டை ஒட்டிக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். அடாப்டருக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் மெயின்ஸின் பாதியை உடலில் ஏற்றி வைக்கின்றன. மின்சாரம் மிகக் குறைவுதான், தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கும், அவ்வளவே. ஆனால் யூஎஸ்பி பிளக்கைச் செருகும் கணத்தில் அது டேட்டா கம்பி வழியாகப் பாய்ந்தால் கன்ட்ரோலர் போய்விடும். எர்த் இழுங்கள். முடியாத இடத்தில் இரண்டையும் ஒரே பலகையில் செருகுங்கள். ஃபுல் ஸ்பீட் டிவைஸ் என்றால் ஏடியூஎம்4160 சிப் வைத்த ஐசோலேட்டரை நடுவில் போடலாம். ஹை ஸ்பீடுக்கு அது ஆகாது.

ஒரே ஒரு பொருளின் விவரம் மட்டும் ஒரு படி தாமதமாக வருகிறது

கேட்பதற்குப் பேய்க் கதை மாதிரி இருக்கும். எடை மெஷினில் அரிசி போட்டால் கம்ப்யூட்டரில் அரிசி, பருப்பு போட்டால் பருப்பு. ஒரு குறிப்பிட்ட பொருளைப் போட்டால் மட்டும் ஒன்றும் வராது. அடுத்த பொருளைப் போட்டதும் இரண்டும் சேர்ந்து வரும்.

ஃபுல் ஸ்பீடில் ஒரு பல்க் பாக்கெட் (டேட்டாவை மொத்தமாக அனுப்பும் வகை) அதிகபட்சம் 64 பைட். அதைவிடக் குறைந்த பாக்கெட் வந்தால் செய்தி முடிந்தது என்று ஹோஸ்ட் புரிந்துகொள்ளும். செய்தி சரியாக 64 பைட் என்றால் முடிந்ததா, இன்னும் வருமா என்று அதற்குத் தெரியாது; வாங்கும் பஃபர் நிறையும்வரை காத்திருக்கும். பர்மிய எழுத்தும் சரி, தமிழ் எழுத்தும் சரி, யூடிஎஃப்-8ல் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் எடுக்கின்றன. பொருளின் பெயரில் 20 குறியீடுகள் என்றால் 60 பைட். எடைக்கு 4 பைட் சேர்ந்தால் கனகச்சிதமாக 64. ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்த தொழிற்சாலையில் இந்த நீளம் எட்டியிருக்கவே எட்டியிருக்காது. செய்தி 64ன் மடங்காக முடியும்போதெல்லாம் அதன் பின்னால் ஒரு காலிப் பாக்கெட்டை அனுப்ப வேண்டும். ஃபர்ம்வேரை மாற்ற முடியாத கடையில் பெயரின் பின்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடுங்கள். வேலை நடக்கும்.

டேட்டா வருகிறது, ஆனால் பழைய டேட்டா

கார்டெக்ஸ்-எம்7 சிப்புகளில் கேஷ், அதாவது பிராசஸர் படித்ததை நகல் வைத்துக்கொள்ளும் குட்டி நினைவகம், உண்டு. கன்ட்ரோலர் டிஎம்ஏ வழியாக, பிராசஸரைத் தொடாமல், நேராக நினைவகத்தில் எழுதுகிறது, பிராசஸரோ கேஷில் இருக்கும் பழையதைப் படிக்கிறது. டீபக்கரில் ஒவ்வொரு அடியாக ஓட்டினால் சரியாக இருக்கும், ஓடவிட்டால் தவறும். பஃபரை 32 பைட் எல்லையில் வைத்து, அளவையும் 32ன் மடங்காக்குங்கள்; படிக்கும் முன் கேஷை இன்வேலிடேட் செய்யுங்கள் (பழைய நகலைத் தூக்கிப் போடுவது), அனுப்பும் முன் கிளீன் செய்யுங்கள் (நகலை நினைவகத்தில் எழுதுவது). எஸ்டிஎம்32எச்7ல் பஃபர், பிராசஸரோடு ஒட்டிய டிடிசிஎம் நினைவகத்தில் இருந்தால் யூஎஸ்பியின் டிஎம்ஏ அங்கே போகவே முடியாது. எது எந்த நினைவகத்தில் போகும் என்று சொல்லும் லிங்க்கர் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

பென் டிரைவ் வருகிறது, ஸ்கேனர் வரவில்லை

இப்போது உங்கள் போர்டே ஹோஸ்ட். 480 மெகாபிட் பென் டிரைவ் நன்றாக ஓடுகிறது. 12 மெகாபிட் பார்கோடு ஸ்கேனரோ, 1.5 மெகாபிட் மவுஸோ செருகினால் மௌனம். ஈஎச்சிஐ வகை ஹோஸ்ட் கன்ட்ரோலருக்கு ஹை ஸ்பீட் மட்டும்தான் தெரியும். மெதுவான டிவைஸ் வந்தால் அதைப் பக்கத்தில் இருக்கும் ஓஎச்சிஐ துணைக் கன்ட்ரோலரிடம் ஒப்படைக்கும். கெர்னல் கட்டியவர் அந்தத் துணையைச் சேர்க்காமல் விட்டிருந்தால் போர்ட் அநாதை ஆகிவிடும். நடுவில் ஒரு ஹை ஸ்பீட் ஹப்பை வைத்துப் பாருங்கள். ஸ்கேனர் உடனே வந்தால் இதுதான் காரணம். மெதுவான பேச்சை வேகமான பேச்சாக மாற்றும் வேலையை ஹப்பே செய்துவிடுகிறது. எக்ஸ்எச்சிஐ வந்த பிறகு எல்லா வேகமும் ஒரே கன்ட்ரோலரில் என்பதால் புது சிப்புகளில் இது அரிது.

மைக்ரோ யூஎஸ்பி ஓடிஜி போர்ட் (ஹோஸ்டாகவும் டிவைஸாகவும் மாறக்கூடியது) ஹோஸ்டாக மாறவே மறுத்தால் ஐடி பின்னைப் பாருங்கள், அது தரையைத் தொட்டால்தான் ஹோஸ்ட். அடுத்து, போர்டின் ஹார்ட்வேரை லினக்ஸுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ ஃபைலில் போர்ட்டின் முறை 'பெரிஃபரல்' என்று பூட்டப்பட்டிருக்கிறதா. அதற்கும் அடுத்து, 5 வோல்டைத் திறக்கும் சுவிட்ச் சிப்புக்கு யாராவது சிக்னல் கொடுக்கிறார்களா.

எல்லாம் சரி, வேகம் மட்டும் இல்லை

ஃபுல் ஸ்பீடில் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 19 பல்க் பாக்கெட். 19 × 64 = 1216 பைட், நொடிக்கு சுமார் 1.2 மெகாபைட். அதற்கு மேல் எந்த ஃபர்ம்வேரும் தராது. உங்களுக்கு அதில் கால்வாசிதான் வருகிறது என்றால் எண்ட்பாயிண்டில் ஒற்றைப் பஃபர் வைத்திருக்கிறீர்கள். ஒரு பாக்கெட் போய் அடுத்தது நிரம்பும்வரை நாக் போய்க்கொண்டிருக்கிறது. டபுள் பஃபருக்கு மாறுங்கள், ஹோஸ்ட் பக்கம் ஒரே தடவையில் பெரிய அளவாகக் கேளுங்கள். எஸ்டிஎம்32எஃப்407ல் "ஹை ஸ்பீட்" என்று பெயர் போட்ட கன்ட்ரோலர் இருந்தும் 12 மெகாபிட்டில் நிற்கிறது என்றால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கு வெளியே யூஎஸ்பி3300 மாதிரி கம்பியின் சிக்னலைக் கையாளும் ஒரு தனி பிஎச்ஒய் சிப் வேண்டும், அதிலிருந்து 60 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வர வேண்டும். போர்டில் அந்தச் சிப்புக்கான இடமே இல்லாவிட்டால் கோடில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.